குரூம் ஏரித் தளமா, டோனோபா தளமா: ரகசியம் காப்பதில் எது கெட்டி?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இரண்டு ரகசிய விமானத் தளங்கள். பறக்கும் தட்டு வதந்தி மட்டும் ஒன்றின் தலையில்தான் விடிந்தது: குரூம் ஏரி, அதாவது ஏரியா 51.

1955-இல் யு-2 உளவு விமானத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் அது. அன்றைய பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 அடியில் பறக்க, யு-2 60,000 அடிக்கு மேலே போனது. கீழே இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் பட்டு அது மின்னும். பயணிகள் விமானிகள் பறக்கும் தட்டு என்று புகார் எழுதினார்கள். விளக்கம் சொன்னால் ரகசியம் உடையும், சொல்லாவிட்டால் வதந்தி வளரும். 1989-இல், அதன் அருகே வேலை பார்த்ததாகச் சொன்ன பாப் லாசர் தொலைக்காட்சியில் வேற்றுக்கிரகக் கலங்கள் பற்றிப் பேசினார். சிஐஏ ஆவணம் தளத்தின் பெயரைத் திறந்து சொன்னதோ 2013-இல்தான்.

டோனோபாவில், ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 விமானங்களின் படையணியே ஒளிந்திருந்தது. பறப்பு இரவில் மட்டும். பகலில் கொட்டகைக் கதவு திறக்காது. கண்துடைப்புக்கு ஏ-7 என்ற சாதாரணப் போர் விமானங்கள். (அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்த சோவியத் மிக் விமானங்களும் அங்கேதான்!) 1986-இல் கலிஃபோர்னியாவில் ஒரு எஃப்-117 விழுந்தும் குட்டு உடையவில்லை. 1988 நவம்பரில் பென்டகனே அதன் படத்தை வெளியிட்டது. கெட்டி டோனோபாதான்.

பார்க்க ஆசையா? குரூம் ஏரிக்கு அருகிலிருந்த குன்றுகளை 1995-இல் அடைத்துவிட்டார்கள். மிச்சம் டிக்கபூ சிகரம், சுமார் 42 கி.மீ. தள்ளி. வெயில் ஏறினால் கானல் உருவத்தைக் கலைத்துவிடும். விடியலிலேயே தொலைநோக்கியோடு நில்லுங்கள்.