ஒரே ஐபி, பதினொரு கிளிக்

வேளச்சேரியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் மாதம் கூகுள் விளம்பரத்துக்கு ஒதுக்கிய 800 ரூபாய் தினமும் காலை பத்து மணிக்குள் காலி. போன் மட்டும் அடிக்கவே இல்லை. ஆதம்பாக்கத்தில் கிளிக் மோசடியை (ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகும் விளம்பரத்தை வேண்டுமென்றே அழுத்திப் பணத்தைக் கரைப்பது) ஆராயும் ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி முதலில் கேட்டது என் வெப்சைட்டின் சர்வர் லாக், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு. பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகக் காட்டினார். ஒரே ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்), காலை 6.10 முதல் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பதினொரு கிளிக். ஒவ்வொரு வரியிலும் ஜிசிஎல்ஐடி, அதாவது ஒவ்வொரு விளம்பர கிளிக்குக்கும் கூகுள் தரும் தனி அடையாளம், வேறு. அதாவது யாரோ பக்கத்தை ரீலோடு செய்யவில்லை, விளம்பரத்தையே திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

சந்தேகமான ஐபி எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள் என்றேன். "வேண்டாம்ண்ணே, மொபைல் நெட்டில் ஒரே ஐபி பல பேருக்குப் போகும், நல்ல கஸ்டமரும் போயிடுவாங்க" என்றார். கூகுளில் ஒரு விளம்பரக் கேம்பெயினில் 500 ஐபி வரை தடுக்கலாம். அவர் தடுத்தது மூன்றுதான். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கட்டணம் 3,500 ரூபாய். அறிக்கை ஒரு வாரம் தாமதமாக வந்தது, சீசனில் அது பெரிய நஷ்டம். இப்போது பட்ஜெட் மாலை வரை தாங்குகிறது.