சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்ற பரிசுகள்: தரைப் பம்பு முதல் ரேடார் விளக்கு வரை

மார்கழியும் தையும் தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுவதற்கு மிக உகந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, விடியற்காலையில் வெயிலின் கடுமையும் இல்லாத அந்த வாரங்களில்தான் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் சைக்கிள் குழுக்கள் பெருகுகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எனப் பரிசு கொடுக்கும் நாட்களும் அதே காலத்தில் அடுத்தடுத்து வருகின்றன. வீட்டில் சைக்கிளின் மீது ஈடுபாடு கொண்ட ஒருவர் இருந்தால் அவருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று மற்றவர்கள் யோசிப்பதும் அப்போதுதான். சைக்கிள் படம் அச்சிட்ட சட்டை, செயின் துண்டில் செய்த சாவிக்கொத்து, சக்கர வடிவக் கடிகாரம் ஆகியவை கடைகளில் எளிதில் கண்ணில் படும். அவற்றை இந்த மதிப்பாய்வில் நான் சேர்க்கவில்லை. சாலையில் ஓட்டுபவருக்கு உதவுகிற, அவருடைய வண்டியைப் பல ஆண்டுகள் நல்ல நிலையில் வைத்திருக்க உதவுகிற பொருட்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சைக்கிள் பொருட்களில் சில ஓட்டுபவரின் உடல் அளவையும் வண்டியின் அளவையும் பொறுத்தவை. சில எந்த வண்டிக்கும் எவருக்கும் பொருந்துபவை. தலைக்கவசம், பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை, காலணி, சீட், டயர், டியூப் ஆகியவை முதல் வகை. அளவு தெரியாமல் இவற்றை வாங்கினால், பெறுபவர் அதை மாற்றுவதற்காகக் கடைக்கு அலைய வேண்டியிருக்கும். பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, விளக்கு, கருவிகள், மணி, தண்ணீர்ப் போத்தல் ஆகியவை இரண்டாம் வகை. அவருக்குத் தெரியாமல் வாங்கி வைத்து வியப்பில் ஆழ்த்த வேண்டுமென்றால் இந்த இரண்டாம் வகைக்குள்ளேயே நிற்பது நல்லது.

இவ்வகையில் முதலிடத்தை நான் தயக்கமின்றிக் கொடுப்பது அழுத்தமானி பொருத்திய தரைப் பம்புக்குத்தான். கடையில் இதை ஃப்ளோர் பம்ப் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சைக்கிள் வாங்குபவர்களில் கணிசமானோர் பம்பு வாங்குவதில்லை. பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் மெல்லிய டயர் கொண்ட ரோடு பைக்குகளில் பெரும்பாலும் பிரெஸ்டா எனப்படும் ஒல்லியான வால்வுதான் இருக்கும். பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாய், மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உள்ள தடித்த ஷ்ரேடர் வால்வுக்கானது. சிறிய பித்தளை அடாப்டர் இல்லாமல் அது பிரெஸ்டாவில் பொருந்தாது. மேலும், மெல்லிய டயரின் காற்று ஒரு வாரத்திலேயே குறிப்பிடத்தக்க அளவு இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் பள்ளத்தில் இறக்கினால், டியூப் சக்கர விளிம்புக்கும் தரைக்கும் இடையே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் விழும். பாம்புக்கடி என்று சைக்கிள் ஓட்டுபவர்கள் சொல்லும் இந்தப் பஞ்சர், வாரம் ஒருமுறை வீட்டிலேயே காற்றைச் சரிபார்ப்பவர்களுக்கு அரிதாகவே நேரும்.

தரைப் பம்புகளில் தைவான் நிறுவனமான டோபீக்கின் ஜோப்ளோ ஸ்போர்ட் வகையைப் பரிந்துரைக்கிறேன். எஃகு உருளை, எஃகு அடித்தட்டு, 160 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) வரை காட்டும் பெரிய அழுத்தமானி, பிரெஸ்டாவுக்கு ஒருபுறமும் ஷ்ரேடருக்கு மறுபுறமுமாக இரட்டைத் தலை ஆகியவை அதன் சிறப்புகள். கைப்பிடியை இரு கைகளாலும் அழுத்துவதால், உடலின் எடையே வேலையைச் செய்துவிடுகிறது. வயதில் மூத்தவர்களும் சிரமமின்றி 80 பிஎஸ்ஐ வரை நிரப்பலாம். குறைகளும் உண்டு. 160 வரை எண்கள் நெருக்கமாக இருப்பதால், 30 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தம் போதுமான மவுண்டன் பைக் டயர்களுக்கு முள்ளின் நிலையைத் துல்லியமாகப் படிப்பது கடினம். அகன்ற டயர் வண்டி வைத்திருப்பவருக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் பம்பை வாங்குவது மேல். தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் தேய்ந்து காற்றைக் கசியவிடும். ஆனால் அந்த வளையம் தனியாக விற்கப்படுவதால் பம்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உதிரிப்பாகம் கிடைக்காத பம்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைப் பரிசாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பம்புக்கு அடுத்தபடியாகப் பஞ்சர் ஒட்டும் பெட்டியைச் சொல்வேன். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால் இதைத் தனிப் பரிசாகக் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். பம்புடன் சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. இதில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, பின்பக்கத் தாளை உரித்து அப்படியே ஒட்டும் பசைத் துண்டு. மற்றொன்று, நம் ஊர்ப் பஞ்சர் கடையில் செய்வதைப் போலவே, உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டை வைத்து அழுத்தும் வகை. பசைத் துண்டு அவசரத்துக்கு உதவும், ஆனால் அதன் பிடி நிரந்தரமானதன்று. வெப்பமான சாலையில் நெடுநேரம் ஓடும் டியூபில் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. சொல்யூஷன் தடவி ஒட்டிய ஒட்டு ரப்பரோடு ரப்பராகவே பிணைந்து, டியூபின் ஆயுள்வரை நிற்கும். ஜெர்மனியின் ரேமா டிப் டாப் நிறுவனத்தின் சிறு பெட்டியும், நீல நிறக் கைப்பிடிகளால் உலகெங்கும் அடையாளம் காணப்படும் அமெரிக்க நிறுவனமான பார்க் டூலின் விபி-1 பெட்டியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இரண்டும் சீட்டுக்கு அடியில் மாட்டும் பையில் இடம் தெரியாமல் அடங்கிவிடும். சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும் என்பதால், கூடவே ஒரு சொல்யூஷன் டியூபையும் டயரை விளிம்பிலிருந்து நெம்பி எடுக்க உதவும் உறுதியான பிளாஸ்டிக் டயர் லீவர்கள் இரண்டையும் சேர்த்து வைப்பது கொடுப்பவரின் அக்கறையைக் காட்டும். உலோக லீவர் சக்கர விளிம்பைக் கீறிவிடும்.

கரியமில வாயு அடைத்த சிறு உருளைகளும் பரிசுப் பெட்டிகளில் வருகின்றன. 16 கிராம் உருளை ஒன்று ரோடு பைக் டயரைச் சில நொடிகளில் நிரப்பிவிடும். போட்டிகளில் ஓட்டுபவருக்கு அது பயன்படும். ஆனால் ஓர் உருளை ஒருமுறைக்குத்தான். மேலும், டியூபின் ரப்பர் வழியே கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக வெளியேறுவதால், மறுநாள் மீண்டும் காற்றடிக்க வேண்டியிருக்கும். சட்டகத்தில் மாட்டும் நல்ல கைப்பம்பு ஒன்று இவற்றைவிட நீண்டகாலம் உதவும்.

விளக்குகளுக்கு வருவோம். இருட்டில் சாலையைக் காட்டுவது ஒரு வேலை; பிறர் கண்ணில் படச் செய்வது வேறொரு வேலை. தெருவிளக்குள்ள நகரச் சாலைக்கு 100 லூமென் (வெளிச்சத்தின் அலகு) முன்விளக்கும் ஒரு சிவப்புப் பின்விளக்கும் போதும். விளக்கில்லாத நெடுஞ்சாலையில் விடியலுக்கு முன் கிளம்புபவருக்கு 400 லூமெனுக்குக் குறையாத முன்விளக்கு தேவை. லூமென் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சொல்லாமல் விடும் பெட்டிகளை விலக்கிவிடுங்கள். மின்கலம் தாங்கும் நேரம்தான் ஓட்டுபவருக்கு முக்கியம். ஜெர்மனியின் சாலை விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்ட விளக்குகளில் ஒளிக்கற்றையின் மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கும்; எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாது. குறுகிய சாலைகளில் எதிரும் புதிருமாக ஓட்டும் நமக்கு இது மிகவும் தேவையான குணம். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூரச் சவாரிகளில், அதாவது 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டிய சவாரிகளில், பங்கேற்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இரவில் முன்னும் பின்னும் விளக்கும் ஒளி எதிரொளிக்கும் மேற்சட்டையும் அங்கே கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மேற்சட்டை மிக மலிவான பொருள். ஆனால் இந்தப் பட்டியலில் உயிரைக் காப்பதில் அதற்கு நிகரானவை குறைவு.

பணம் ஒரு தடையில்லை என்றால், கார்மின் நிறுவனத்தின் வேரியா ஆர்டிஎல்515 என்ற பின்விளக்கைக் கருதலாம். சிவப்பு விளக்குடன் ஒரு ரேடாரும் அதற்குள் இருக்கிறது. பின்னால் வரும் வாகனத்தை 140 மீட்டர் தொலைவிலிருந்தே கண்டறிந்து, ஹேண்டில் பாரில் மாட்டும் சிறு சைக்கிள் கணினியிலோ கைபேசியிலோ ஒலியும் குறியும் எழுப்புகிறது. பகலில் மின்னும் நிலையில் 16 மணி நேரமும், தொடர்ந்து எரியும் நிலையில் 6 மணி நேரமும் மின்கலம் தாங்கும். வாகனங்கள் இடைவெளிவிட்டு வரும் நெடுஞ்சாலையில், திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் என்ன வருகிறது என்று தெரிவது பெரும் நிம்மதி. ஆனால் அண்ணா சாலை போன்ற இடத்தில் அது ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்தாமல் போய்விடுவார். ஓட்டுபவரின் வேகத்திலேயே பின்தொடரும் வாகனத்தையும் ரேடார் கணக்கில் கொள்ளாது. ஆகவே நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு இதை வாங்கித் தர வேண்டாம் என்பேன். அந்தத் தொகையில் பம்பு, கருவிகள், நல்ல விளக்குகள் அனைத்தையும் வாங்கி இன்னும் மீதம் பிடிக்கலாம்.

செயினைப் பராமரிக்கும் பொருட்கள் பரிசுக் கடைகளில் முன்வரிசையில் இருப்பதில்லை. உண்மையில் அவை ஓட்டுபவருக்குப் பணத்தை மிச்சப்படுத்துபவை. செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே 12.7 மில்லிமீட்டர் தூரம் இருக்க வேண்டும். ஊசிகள் தேயத் தேய அந்தத் தூரம் கூடி, செயின் பற்சக்கரத்தின் பற்களையும் தின்னத் தொடங்கும். பார்க் டூலின் சிசி-3.2 என்ற சிறு எஃகுத் தகடு, செயின் 0.5 சதவீதமும் 0.75 சதவீதமும் நீண்டிருக்கிறதா என்று காட்டிவிடும். பின்சக்கரத்தில் 11 அல்லது 12 கியர் உள்ள வண்டியின் செயினை 0.5-லேயே மாற்ற வேண்டும். அதற்குக் குறைந்த கியர்களுக்கு 0.75 வரை பொறுக்கலாம். உரிய நேரத்தில் செயினை மட்டும் மாற்றினால், விலை கூடிய பற்சக்கரத் தொகுதி தப்பிவிடும். இந்தத் தகட்டுடன் ஒரு போத்தல் செயின் எண்ணெயும் சேர்க்கலாம். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயையோ பழைய இன்ஜின் ஆயிலையோ செயினில் விடும் வழக்கம் இன்றும் உண்டு. அவை தூசியை இழுத்துச் சேர்த்துச் செயினை இன்னும் விரைவாகத் தேய்க்கின்றன. வறண்ட மாதங்களுக்கு மெழுகு கலந்த வகையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரத்தைத் தாங்கும் வகையும் ஏற்றவை.

பல கருவிகளை ஒன்றாக மடித்து வைத்த மல்டி டூல் வாங்கும்போது கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோண முனைத் திருகி), டி25 நட்சத்திர முனை, செயினைப் பிரிக்கும் கருவி ஆகியவை இருந்தால் சாலையோரப் பழுதுகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். கிராங்க் பிரதர்ஸ் எம்19 இவை அனைத்தையும் கொண்டது. கையில் பிடித்துத் திருகவும் வசதியானது.

அளவைப் பொறுத்த பொருட்களில் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது பரிசாக அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. 1866-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 தோல் சீட் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையில் உள்ளது. கெட்டியான ஒற்றைத் தோல், இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் அமர்பவரின் உடலுக்கேற்ப மெல்ல வடிவம் கொள்கிறது. அதன் அழகையும் உழைப்பையும் நான் மனமார மதிக்கிறேன். எனினும் நம் கடற்கரை நகரங்களின் வியர்வையும் மழையும் அந்தத் தோலுக்கு உகந்தவை அல்ல. மழையுறை போட்டு, அவ்வப்போது அதற்கென உள்ள மெழுகைத் தடவிப் பேண விரும்புபவருக்கே அது தகும். அதே நிறுவனத்தின் கேம்பியம் வகை ரப்பரால் ஆனது, மேலே பருத்தித் துணி போர்த்தியது. நம் தட்பவெப்பத்துக்கு அது எவ்வளவோ மேல். எதுவானாலும், இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்தாத சீட்டில் ஒருவரால் அமரவே முடியாது என்பதால், பெறுபவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தலைக்கவசமும் அப்படியே. நெற்றிக்கு மேலாகத் தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, ஐரோப்பியத் தரமான இஎன் 1078 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒருமுறை அடிபட்ட கவசத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கியர் சைக்கிள் ஓட்டுபவருக்கானவை. கருப்பு நிறத்து 28 அங்குலச் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகும் அப்பாவோ சித்தப்பாவோ பல வீடுகளில் இருக்கிறார்கள். பரிசு என்று வரும்போது அவர்களை நாம் நினைப்பதே இல்லை. அவ்வண்டிகளில் டன்லப் வால்வும் அதற்குள் சிறு ரப்பர் வால்வு டியூபும் இருக்கும். தரைப் பம்பின் பிரெஸ்டா முனை அதிலும் பிடிக்கும், ஆனால் அழுத்தமானி காட்டும் எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது பின்விளக்கு. டைனமோ பழுதாகிப் பல காலம் ஆன வண்டிகளே இன்று அதிகம். பின்புறத்தில் மங்கிய ஒரு பிரதிபலிப்பான் மட்டுமே மிஞ்சியிருக்கும். யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கி, சீட்டுக்குக் கீழே சக்கர அச்சுக்கு இறங்கும் குழாயில் நீங்களே மாட்டிக் கொடுங்கள். திருகுப் பிடியைவிட ரப்பர் பட்டையால் கட்டும் வகையே அந்தக் குழாய்க்கு எளிதில் பொருந்தும். கேரியரில் மூட்டை ஏற்றினாலும் அந்த இடத்தில் விளக்கு மறையாது.