கூரையில் சூரியத் தகடு: நாமே மாட்டுவதா, ஆள் வைப்பதா, வாடகைக்கு எடுப்பதா?

சிங்கப்பூரில் சொந்தக் கூரையுள்ள தரைவீட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. பியூபி பில் என்று நாம் சொல்லும் மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர், "தகட்டை இணையத்தில் வாங்கி நாமே மாட்டிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்தானே, அண்ணே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. தகட்டின் விலை கடந்த பத்தாண்டுகளில் பெரிதும் இறங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் விலைப்புள்ளியில் கூலி, சட்டகம், தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், இணைப்பு வேலை ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போகிறது. இருந்தாலும் முழு வேலையையும் நாமே செய்வதை நான் எதிர்க்கிறேன்.

முதல் தடை சட்டம். இங்கே வீட்டு மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்ய வேண்டும். மின்கட்டமைப்புடன் இணைக்க, அதை நடத்தும் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பம் போவதும் அவர் வழியாகத்தான். ஆகவே 'முழுக்க நானே' என்ற வழி சிங்கப்பூரில் அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது தடை உயிர் சம்பந்தப்பட்டது. வெயில் படும் நேரமெல்லாம் தகடு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. பத்துப் பன்னிரண்டு தகடுகளைத் தொடராக இணைத்தால் நேர்மின்னழுத்தம் 400 வோல்ட்டை எட்டும். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். தகடுகளின் கம்பிகளைக் கோக்கும், விரல் நீளமே உள்ள எம்சி4 இணைப்பியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகக் குழலை அதற்குரிய இடுக்கியால் நெரிக்காமல் சாதாரணக் குறடால் அமுக்கினாலோ, ஒரு நிறுவனத்தின் ஆண் முனையை இன்னொரு நிறுவனத்தின் பெண் முனையுடன் சேர்த்தாலோ, அந்த இடம் நாளடைவில் சூடேறிக் கருகும். கூரைக்கு மேலே நடப்பது கீழே இருப்பவர் கண்ணில் படாது.

அப்படியானால் பாதி வழி? பொருளை நாம் வாங்கி, மாட்டுவதற்கு மட்டும் ஆள் வைப்பது. காகிதத்தில் இது அழகாகத் தெரிகிறது. நடைமுறையில், பிறர் வாங்கிய பொருளுக்குக் கையெழுத்திட மின் ஊழியர் தயங்குவார். பிறகு ஏதாவது பழுதென்றால் தகடு விற்றவர் இன்வெர்ட்டரையும், இன்வெர்ட்டர் விற்றவர் மாட்டியவரையும் கைகாட்டுவார்கள். ஓட்டுக் கூரையாக இருந்தால் இன்னும் சிக்கல். தகட்டுச் சட்டகத்தைத் தாங்கும் கொக்கியின் திருகு, ஓட்டுச் சட்டத்தில் நிற்காமல் அதற்குக் கீழே உள்ள கைமரத்தில் இறங்க வேண்டும். மேலே மூடும் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கொக்கியின் கனத்துக்கேற்பத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் ஓடு சற்றே தூக்கி நிற்கும், சுமத்ரா சூறைக்காற்று அடிக்கும் ஒரு விடியலில் விரிசல் விடும். டிசம்பர் மழையில் கூரை ஒழுகும்போது யாரைக் கேட்பது? இந்த வேலையை ஒரே கையில் ஒப்படைப்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை என்பேன்.

வாடகை வழியில் கைக்காசு போடத் தேவையில்லை. நிறுவனம் தன் செலவில் மாட்டிவிட்டு, மாதத் தொகையாகவோ அலகுக்கு (யூனிட்டுக்கு) இவ்வளவு என்றோ வசூலிக்கும், பராமரிப்பும் அவர்களுடையது. முன்பணம் திரட்ட முடியாத குடும்பத்துக்கு இது உதவும். ஆனால் ஒப்பந்தம் நீளமானது. நம் ஊரில் பழைய மாடிவரிசை வீடுகளை இடித்துக் கட்டுவது சர்வ சாதாரணம். வீட்டை விற்கும்போதோ இடிக்கும்போதோ ஒப்பந்தத்தை முறிக்க என்ன தர வேண்டும் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.

சொந்தமாக வாங்கினால் கணக்கு எப்படி வரும்? 440 வாட் தகடு 18 வைத்தால் ஏறக்குறைய 8 கிலோவாட். நிழல் இல்லாத கூரையில் ஒரு கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 1,100 முதல் 1,200 அலகு தருவதால், மொத்தம் 9,000 அலகு என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே பயன்படுத்தும் அலகுக்கு முழுக் கட்டணம் மிச்சம். மிஞ்சியதைக் கட்டமைப்புக்குக் கொடுத்தால், மின்கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பில்லில் வரவு வைப்பார்கள். பாதியை நாமே 28 காசுக்குப் பயன்படுத்தி, மீதியை 20 காசுக்குக் கொடுப்பதாக வைத்தால் ஆண்டுக்கு 2,160 வெள்ளி. உங்கள் விலைப்புள்ளியை இதனால் வகுத்துப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுக்குள் முதல் திரும்பினால் தாராளமாகச் செய்யலாம். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் கிடைப்பது வழக்கம். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற நேரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத்தை மட்டும் வாங்காதீர்கள். இங்கே ஒரு வீட்டுக்குச் சராசரி மின்தடை ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மின்தடைக்குப் பயந்து அவ்வளவு பணம் போடத் தேவையில்லை.

இன்வெர்ட்டரில் எது? நிழலே விழாத கூரைக்கு, தொடராக இணைத்த தகடுகளுக்கெல்லாம் பொதுவான தொடர் இன்வெர்ட்டர் போதும், விலையும் குறைவு. பக்கத்து வீட்டு மூன்றாவது மாடியோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போட்டால், தகட்டுக்குத் தகடு தனியாக இயங்கும் மைக்ரோ இன்வெர்ட்டருக்குச் செலவழியுங்கள். கூரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற கவலை வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் நமக்குக் கிழக்கும் மேற்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நிழல்தான் எதிரி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. கூரை பொதுச் சொத்து. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் அங்கே தகடுகள் வைக்கிறார்கள். அந்த மின்சாரம் மின்தூக்கி, நடைபாதை விளக்கு போன்ற பொதுவசதிகளுக்குப் போகிறது. ஜெர்மனியில் மாடத்தில் தகடு மாட்டி, 800 வாட் வரை மின்சாரத்தை வீட்டு மின்செருகி வழியே செலுத்தலாம். இங்கே அதைப் பின்பற்ற முனையாதீர்கள்.

ஆள் வைத்துச் செய்தாலும் சில வேலைகள் நம் கையில்தான் இருக்கின்றன. காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளை கூரையின் நிழலைக் கீழே நின்றே படம் எடுங்கள். ஓராண்டு பில்லை எடுத்து மாதவாரியாகப் பயன்பாட்டை எழுதுங்கள். ஒவ்வொரு கொக்கியையும், மேல் ஓட்டை மூடுமுன் படமெடுத்துத் தர வேண்டும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். தகட்டின் விளிம்பைச் சுற்றி வலை அடிப்பதும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடியில் மைனாவும் புறாவும் கூடு கட்டிவிடும்.