காணாக்கடிக்கு மாதக்கணக்கில் மருந்து: சேலத்திலும் ஏற்காட்டிலும் எடுத்துக்கொள்பவர்களுக்கு

ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போகும் காணாக்கடியை நாட்பட்டது என்கிறார்கள். தடிப்பும் அரிப்பும் இருக்கும், சிலருக்கு உதடும் கண்ணிமையும் வீங்கும். இதற்கு மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் மருந்துக்கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இதைவிடப் பவரா வேற ஏதாச்சும் இருக்கா?” மாத்திரையை மாற்றும் முன் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். தடித்த பிறகு ஒன்று, அடங்கியதும் நிறுத்தம், மறுபடி தடித்தால் இன்னொன்று என்று போட்டால் எந்த மாத்திரையும் கைகொடுக்காது. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள், அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டுவதற்கு முன்பே மருந்து போய் இடம்பிடித்திருக்க வேண்டும். தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அதே நேரத்துக்கு, குறைந்தது இரண்டு வாரம் எடுத்த பிறகே பலனைப் பற்றிப் பேசலாம்.

பலன் தெரிய ஒரு நோட்டு வேண்டும். 24 மணி நேரத்தில் தடிப்பு இல்லை என்றால் 0, இருபதுக்குள் என்றால் 1, 20 முதல் 50 வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் இதேபோல் 0 முதல் 3 வரை. ஒரு நாளுக்கு அதிகபட்சம் 6, வாரத்துக்கு 42. தோல் மருத்துவர்கள் யு.ஏ.எஸ்.7 என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். வாரக் கூட்டல் 6க்குள் இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது, 0 தான் இலக்கு. “பரவாயில்ல டாக்டர்” என்று சொல்வதைவிட 28லிருந்து 11க்கு இறங்கியிருக்கிறது என்று காட்டினால் அடுத்த முடிவு சரியாக அமையும். அதோடு, ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். காணாக்கடித் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைவிட்டு மறைந்துவிடும். அதற்கு மேலும் அங்கேயே நின்றாலோ, அரிப்பைவிட எரிச்சல் அதிகமாக இருந்தாலோ, கன்றிய தழும்பு விட்டாலோ அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அப்போது தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரைகளில் ஆதாரம் வலுவாக இருப்பது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளில் புதியவையான இரண்டாம் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்களுக்கு: செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5, லொராடடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20. 2014இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு) 73 சோதனைகளையும் 9,759 பேரையும் எடுத்துப் பார்த்தது. இவற்றில் எல்லாவற்றையும்விட மேலானது என்று ஒன்றை அது தனித்துச் சொல்லவில்லை. ஆகவே தேர்வு உங்கள் அன்றாடத்தைப் பொறுத்தது. செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் வண்டி ஓட்டுபவருக்கும், இரவு ஷிப்ட்டில் தறி ஓட்டுபவருக்கும் ஃபெக்ஸோஃபெனடினோ பிலாஸ்டினோ பொருத்தம். அவில், ஹைட்ராக்ஸிசின் போன்ற பழைய மாத்திரைகளைத் தினசரி மருந்தாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். இரவு போட்ட மாத்திரையின் மந்தம், தூக்கம் தெளிந்துவிட்டதாக நினைக்கும் மறுநாள் காலையிலும் கவனத்தைக் குறைக்கும்.

ஃபெக்ஸோஃபெனடின் எடுப்பவர்கள் பழச்சாற்றில் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள் குடலில் இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். ஏற்காட்டு ஆரஞ்சுக் காலத்தில் காலை மாத்திரையைச் சாற்றோடு விழுங்கிவிட்டு, “முன்ன மாதிரி கேக்கல” என்று சொல்வதில் அர்த்தமில்லை. வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், சாறு பிறகு குடிக்கலாம். அலுமினியம், மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தையும் இதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. பிலாஸ்டினுக்கு உணவே தடை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். இட்லி தின்று முடித்த கையோடு போட்டால் அன்றைய மாத்திரையில் சுமார் 30 விழுக்காடு வீண்.

ஒழுங்காக எடுத்தும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மதிப்பெண் இறங்கவில்லை என்றால், அதே மருந்தை நான்கு மடங்கு வரை ஏற்றலாம் என்கிறது சர்வதேச வழிகாட்டு நெறி. 2010இல் வெளியான பல்கேரிய ஆய்வில், சாதாரண சிகிச்சைக்கு மசியாத 80 பேருக்கு லெவோசெட்ரிசினும் டெஸ்லொராடடினும் இப்படி ஏற்றித் தரப்பட்டன. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குணம் தெரிந்தது. ஏற்றுவது மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரண்டு மூன்று பெயர்களில் மாத்திரை கலந்து போடுவதைவிட ஒன்றையே ஏற்றுவது நல்லது. எது வேலை செய்தது, எது தூங்கவைத்தது என்று அப்போதுதான் தெரியும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் அதிகக் கேடு செய்வது டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும்தான். போட்ட அன்றே தோல் வெறிச்சென்று ஆகிவிடும், அதனால்தான் ஆள் மயங்குகிறார். மருந்தின் வேகம் குறைந்ததும் தடிப்பு திரும்பி வரும், மறுபடி ஊசி. இப்படி மாதம் இரண்டு முறை என்று ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை எல்லாம் வரிசையில் நிற்கும். தாங்க முடியாத கட்டத்தில் அதிகபட்சம் பத்து நாள் வரை, அதுவும் தினசரி ஆன்டிஹிஸ்டமினை விடாமல் என்றால் சரி. ஏற்கெனவே வாரக்கணக்கில் எடுத்துவருபவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் படிப்படியாகத்தான் இறக்குவார்.

நான்கு மடங்கிலும் அடங்காதவர்களுக்கு ஒமாலிஸுமாப் ஊசி இருக்கிறது: 300 மி.கி., நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். 2013இல் வெளிவந்த ஆஸ்டீரியா 2 சோதனையில் பன்னிரண்டாம் வாரத்தில் 44 விழுக்காட்டினருக்குத் தடிப்பும் அரிப்பும் அறவே இல்லை. போலி ஊசி போட்டவர்களில் அது 5 விழுக்காடு. பலருக்கு முதல் ஊசியிலேயே தெரியும். ரத்தத்தில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.இ. குறைவாக இருப்பவர்களுக்கு மெதுவாக வரும், சிலருக்கு வராமலும் போகலாம். ஆறு மாதம் வரை பார்த்துவிட்டுத்தான் கைவிட வேண்டும். குறை இதுதான்: விலை அதிகம், நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். சேலத்தில் வாங்கி மலைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் குளிர்பெட்டியில் ஐஸ் கட்டி சிரிஞ்சைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள், உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால் முதல் மூன்று ஊசிகளுக்குப் பின் இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். இதற்கும் மசியாவிட்டால் நோயெதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின், எடை கிலோவுக்கு 5 மி.கி. வரை. ரத்த அழுத்தமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தவறாமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2025இல் டுபிலுமாப் ஊசிக்கும் ரெமிப்ரூட்டினிப் மாத்திரைக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.

மருந்தில்லா வழிகளில் முதலில் செய்ய வேண்டியது வலி மாத்திரையை மாற்றுவது. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தடிப்பைக் கூட்டும். பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம்.

கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி, உடம்பை வற்றவைத்துக்கொள்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. தினமும் வரும் காணாக்கடிக்கு ஓர் உணவு காரணமாக இருப்பது மிக அரிது. சந்தேகம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, மதிப்பெண் எழுதி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். நூறு பொருளுக்கு அலர்ஜி பேனல் எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., தேவைப்பட்டால் மொத்த ஐ.ஜி.இ., தைராய்டு எதிர்ப்புப் புரதம் போதும். சொந்த ரத்தத்தை எடுத்து அதன் சீரத்தையே ஊசியாகப் போடும் முறை சில இடங்களில் நடக்கிறது. உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளில் உறுதியான வித்தியாசம் நிற்கவில்லை. வெற்றிலையும் மிளகும் மெல்வதில் கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தாதவரை. கம்பளியால் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உரசல் மாஸ்ட் செல்லை மேலும் கிளறும்.

வெப்பத்தாலோ குளிராலோ வருகிற வகையில் ஊரே சிகிச்சையின் பாதி. சித்திரை வெயிலில் நான்கு எட்டு வைத்ததும் குண்டூசித் தலையளவு தடிப்புகள் பூத்து, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அது உடல் சூட்டால் வருவது. மின்விசிறி, பருத்தி உடை, வெதுவெதுப்பான குளியல் உதவும், ஏற்காட்டுக்குப் போனால் குறையும். குளிரால் வருபவருக்கு அதே ஏற்காட்டின் விடியற்காலை பைக் பயணம் கெடுதல். ஐஸ் கட்டியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதை மருத்துவர் முன்னிலையில், மாத்திரையை மூன்று நாள் நிறுத்திய பிறகு செய்வது நல்லது. இவர்கள் குளிர்ந்த நீரில் தனியாக நீந்தக் கூடாது, மயங்கி விழலாம். காப்பி மூட்டை தூக்கிய தோள் சில மணி நேரம் கழித்து வீங்கினால் அது அழுத்தத்தால் வருவது, அகலமான பட்டை போட்டால் சுமை பரவும். எந்த வகையாக இருந்தாலும் மூச்சுத் திணறலோ குரல் மாற்றமோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

கடைசியாக நிறுத்துவது. மதிப்பெண் மூன்று மாதம் தொடர்ந்து 0 என்று இருந்தால் இறக்கத் தொடங்கலாம், தினசரி அளவில் மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்காமல். செட்ரிசினையும் லெவோசெட்ரிசினையும் பல மாதம் எடுத்தவர்கள் நிறுத்திய சில நாட்களில் சிலருக்குக் கடும் அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதத்தில் எச்சரித்தது. இது நோய் திரும்பியதா, மருந்து விட்ட அரிப்பா என்று பிரித்துப் பாருங்கள்: தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையை மறுபடி தொடங்கினால் பெரும்பாலோருக்கு அடங்கும். பிறகு மருத்துவரிடம் சொல்லி, ஒருநாள் விட்டு ஒருநாள், பின் இரண்டு நாள் இடைவெளி என்று மெல்ல இறக்கிக்கொள்ளலாம்.