கன்னிமாரா தேக்கு: வேன் ஏறிப் போய்ப் பார்க்கலாமா?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் தாண்டித்தான் இந்தத் தேக்கு நிற்கும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். காடு கேரளத்துடையது, பாதை நம்முடையது! அங்கே ஆனைப்பாடியில் சவாரி வேன் ஏறினோம். பின்சீட்டுக்காரர் போனில் பாட்டுப் போட்டதுதான் எரிச்சல். வழிகாட்டி அதட்டியதும் அடங்கினார்.

கன்னிமாரா தேக்கு ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், அடிமரச் சுற்றளவு 7 மீட்டர், வயது 450-க்கு மேல் என்கிறார்கள். பெரிய மரங்களுக்கு மத்திய அரசு தரும் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். என் மச்சானும் பிள்ளைகள் ரெண்டு பேரும் கைகோத்துப் பார்த்தார்கள், பாதிகூடச் சுற்றவில்லை. முன்பு இதை வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாம். வழிகாட்டி அதைச் சொன்ன அழகுக்கே காசு கொடுக்கலாம்.

நேரமே கிளம்புங்கள். அப்புறம், சோத்தைப் பொள்ளாச்சியிலேயே கட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் மட்டும் வேண்டாம்.