பிஓஇ கேமராவின் ஆர்ஜே45: நெட்வொர்க் போர்ட்டா, பவர் போர்ட்டா?

ஒரு ஐபி கேமராவின் பின்பக்கம் பார்த்தால் இரண்டே ஓட்டைதான்: ஆர்ஜே45 (லேன் கேபிள் செருகும் இடம்) ஒன்று, 12 வோல்ட் டிசி ஜாக் ஒன்று. எமிஷன் டெஸ்டுக்கு (கருவி வெளியே விடும் மின்காந்த இரைச்சலை அளக்கும் சோதனைக்கு) எடுத்துப் போனால் இவற்றுக்குப் பெயர் வைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். எந்தப் பெயர் வைக்கிறோமோ, அதை வைத்தே எங்கே அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது, வரம்பு எவ்வளவு என்பதெல்லாம் முடிவாகிறது. 2012-இல் வந்து, பழைய சிஸ்பர் 13, சிஸ்பர் 22 இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொண்ட எமிஷன் தரமான சிஸ்பர் 32, கனெக்டரின் வடிவத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. கேபிள் எங்கே போகிறது, எதைச் சுமக்கிறது என்றுதான் கேட்கிறது.

ஆர்ஜே45-ஐ எடுத்துக்கொள்வோம். பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) வழியே கேமராவுக்கு மின்சாரமே இதில்தான் வருகிறது. அதனால் இதை டிசி பவர் போர்ட் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசி நெட்வொர்க் பவர் போர்ட் என்றால் அதில் தகவல் போக்குவரத்து இருக்கக்கூடாது என்று வரையறையே சொல்லிவிடுகிறது. வயர்டு நெட்வொர்க் போர்ட்டின் வரையறையோ, கூடவே மின்சாரம் வந்தாலும் பரவாயில்லை என்கிறது. ஆக, இது நெட்வொர்க் போர்ட்தான்.

இங்கே ஒரு மயக்கம் வரும். கிளாஸ் பி-யில் (வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்கான வகை) 0.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை, சுவர் மின்சாரம் வரும் ஏசி மெயின்ஸ் போர்ட்டுக்குக் குவாசி-பீக் (இரைச்சல் அடிக்கடி வந்தால் கூடுதலாகக் காட்டும் அளவுமுறை) வரம்பு 56 டெசிபல் மைக்ரோவோல்ட். நெட்வொர்க் போர்ட்டுக்கு 74. "18 டெசிபல் சும்மா கிடைக்கிறதே!" என்று தோன்றும். கிடைக்காது. மெயின்ஸில் லிஸ்ன் (மின்கம்பியில் வரும் இரைச்சலைப் பிரித்து அளவுகருவிக்குத் தரும் பெட்டி) வைத்து, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, தரைக்கு எதிராக 50 ஓமில் அளக்கிறோம். நெட்வொர்க்கில் ஐஎஸ்என் (லேன் கேபிளுக்கான அதே மாதிரிப் பெட்டி) வைத்து எட்டுக் கம்பிகளையும் ஒரே கம்பியாகப் பாவித்து, 150 ஓமில் காமன் மோடை (எல்லாக் கம்பிகளிலும் ஒன்றாக, தரைக்கு எதிராக வரும் இரைச்சலை) மட்டும் அளக்கிறோம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு. கேமராவுக்குள் இருக்கும் பிஓஇ கன்வெர்ட்டரின் ஸ்விட்ச்சிங் இரைச்சல், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு இடையே உள்ள கபாசிட்டன்ஸ் வழியே கசிந்து, காமன் மோடாகவே வெளியே வரும். ஐஎஸ்என் பிடிப்பது சரியாக அதைத்தான். அளக்கும்போது கேமரா வெறுமனே விழித்திருந்தால் போதாது, வீடியோவும் ஓடவேண்டும். லேன் பயன்பாடு 10 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்பது விதி.

டிசி ஜாக்கின் கதை வேறு. பெட்டியிலேயே அடாப்டர் வருகிறது என்றால், தரத்தின் பார்வையில் இது ஏசியில் ஓடும் கருவி. அடாப்டர் சுவரில் செருகும் இடத்தில்தான் அளவீடு. மலிவு அடாப்டர் போட்டுவிட்டுக் கேமரா போர்டைக் குறை சொல்வது இங்கேதான் நடக்கிறது. மாறாக, எட்டு கேமராக்களுக்கும் பொதுவாக ஒரே எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) வைத்து நீளமாக ஒயர் இழுக்கும் மாடல் என்றால் "தனி அடாப்டர்" என்ற சலுகை போய்விடும். அப்போது அது முன்னே சொன்ன டிசி நெட்வொர்க் பவர் போர்ட்.

யுஎஸ்பி இருந்தால் அது சிக்னல் போர்ட். அதற்குக் கண்டக்டட் (கம்பி வழியே போகும் இரைச்சலுக்கான) வரம்பு கிடையாது. ஆனால் கேபிளைக் கழற்றிவிட்டு ரேடியேட்டட் டெஸ்ட் (காற்றில் பரவும் இரைச்சலை அளக்கும் சோதனை) செய்து தப்பித்துக்கொள்ள முடியாது. ரவுட்டர்களில் இருக்கும் ஆர்ஜே45 கன்சோல் போர்ட்டும் இதே ரகம். பார்க்க லேன் போலவே இருக்கும், வேலை சீரியல் போர்ட் வேலை.

பிஓஇ, அடாப்டர் இரண்டிலும் ஓடும் கேமராவுக்கு என் தேர்வு: இரண்டு முறையிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பது. இன்ஜெக்டரையும் (லேன் கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் பெட்டி) சேர்த்து விற்பதாக இருந்தால், அதன் ஏசி முனையையும் டெஸ்ட் பிளானில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். டெஸ்ட் செய்யும் அறையான சேம்பரை வாடகைக்கு எடுத்து உள்ளே போனபிறகு போர்ட்டுக்குப் பெயர் தேடினால், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.