ஓர் அறை, ஏழு பூனைகள்: வீடு தேடுவதா, திரும்ப விடுவதா?

தெருப்பூனைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இறங்கினால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பூனையைப் பிடித்து, வீட்டுக்குள் வைத்துப் பழக்கி, நல்ல வீடாகப் பார்த்துத் தத்துக் கொடுப்பது ஒன்று. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொடர்ந்து தீனி வைப்பது இன்னொன்று. நான் முதல் வழியில் தொடங்கி இரண்டாவதற்கு வந்து சேர்ந்தேன். வளர்ந்த, மனிதருக்குப் பழகாத பூனை என்றால் திரும்ப விடுவதுதான் சரி என்பது இப்போது என் உறுதியான கருத்து.

தத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வண்டியில் அடிபடாது, நாய் துரத்தாது, நோய் வந்தால் கவனிக்க ஆள் இருக்கும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. அதுதான் அறை.

பழகாத பூனையை வீட்டில் அவிழ்த்துவிட முடியாது. தனி அறை வேண்டும். ஏற்கெனவே வீட்டில் பூனை இருந்தால் தொற்றுக்குப் பயந்தாவது பிரித்து வைக்க வேண்டும். என்னிடம் அப்படி ஒரே ஓர் அறைதான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே நடமாடிய மூன்று பூனைகளில் சாம்பல் வரி போட்ட பெட்டையை முதலில் பிடித்து அதில் வைத்தேன். அவள் பதினோரு வாரம் இருந்தாள். பகல் முழுக்க அலமாரிக்குப் பின்னால் பதுங்கியிருப்பாள். நான் தூங்கிய பிறகுதான் சாப்பிடுவாள். தினமும் கதவருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதாவது வாசிப்பேன். பத்தாவது வாரத்தில் என்னைப் பார்த்ததும் ஓடாமல் நின்றாள். அவ்வளவுதான். கையை நீட்டினால் காது மடங்கிவிடும், சீறல் வரும்.

அந்தப் பதினோரு வாரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதுதான் என் மனதை மாற்றியது. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம். பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகிவிடலாம். இன்னும் முழுதாக வளராத வெள்ளைப் பெட்டை ஒன்று அங்கே இருந்தது. ‘இது குட்டிதானே, அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டிருந்தேன். நான் ஒருத்தியைப் பழக்க முயன்ற காலத்துக்குள் அது சினையாகி, சுமந்து, நான்கு குட்டிகளையும் ஈன்றுவிட்டது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாக முடியும். ஆக, அந்த அறை ஒரு பூனைக்காக மூடிக் கிடந்த ஒவ்வொரு வாரமும் வெளியே கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

திரும்ப விடும் வழியில் அதே அறை ஒரு பூனைக்கு எத்தனை நாள் தேவைப்படும்? கடுவனுக்கு ஒரு நாள். பெட்டைக்கு வயிற்றில் தையல் இருப்பதால் இரண்டு மூன்று நாள். அதுவும் கூண்டிலேயே, மேலே துணி போட்டு மூடி வைத்தால் போதும். இருட்டில் பூனை அடங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் காது நுனியில், பெரும்பாலும் இடது காதில், 1 சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிடுவார். வெட்டிய காதைத் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதே பூனையை மறுபடி பிடித்து அலைக்கழிக்க வேண்டியதில்லை. வரியாளையும் கடுவனையும் இப்படித்தான் விட்டேன். கூண்டு திறந்ததும் வரியாள் ஒரே பாய்ச்சலில் மதிலேறிப் போனாள். அன்று சாயங்காலமே பழைய இடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்தபோது, பதினோரு வாரம் அவளை எவ்வளவு பயத்தில் வைத்திருந்தேன் என்று புரிந்தது.

அறை காலியானதால்தான் குட்டிகளுக்கு இடம் கிடைத்தது. பூனைக்குட்டி மனிதரோடு எளிதாக ஒட்டிக்கொள்ளும் பருவம் 2 முதல் 7 வாரம் வரை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கடினமாகிக்கொண்டே போகும். நான்கையும் ஆறு வாரத்தில் தூக்கினேன். முதல் இரண்டு நாள் சீறின. விரலில் தீனியைத் தடவி நக்கக் கொடுத்ததும் மூன்றாம் நாளே ஒன்று மடியில் ஏறிக் குறுகுறுவென்று சத்தம் போட்டது. எடை 1 கிலோவைத் தொட்டதும் கருத்தடை. பிறகு இரண்டிரண்டாக இரண்டு வீடுகளுக்குப் போயின. தாயையும் கருத்தடை செய்து அதன் இடத்திலேயே விட்டேன்.

இரண்டு வழிகளும் சேர்ந்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை 155 பூனைகளைக் கணக்கில் வைத்திருந்தார்கள். அவற்றில் 47 சதவீதம் தத்துப் போயின. 1995-க்குப் பிறகு அங்கே புதுக் குட்டிகளே தென்படவில்லை. கடைசியில் வளாகத்தில் இருந்தவை 23. புதிதாக வந்து சேர்ந்த பூனைகளையும் ஈனுவதற்கு முன்பே பிடித்தது முக்கியமான காரணம்.

திரும்ப விடுவதில் சுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். அது முடிகிற வேலை இல்லை. தினமும் ஒரே நேரத்தில் தீனி வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எலியும் எறும்பும் வரும், அக்கம்பக்கத்தாரின் கோபமும் வரும். கடுவனுக்குக் கருத்தடை செய்த பிறகும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறன் இருக்கும், அதையும் நினைவில் வைக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் உள்ள இடத்தில் பூனையைத் திரும்ப விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பூனைக்குக் கருத்தடை செய்தாலும் வேட்டை நிற்காது.

வளர்ந்த பூனையிலும் வித்தியாசம் இருக்கிறது. பகலில் வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து மியாவ் என்று கூப்பிட்டால், அது அநேகமாக யாரோ வளர்த்துத் தொலைத்தது அல்லது கைவிட்டது. அதைத் தெருவில் விடக்கூடாது, அதற்கு வீடுதான் தேட வேண்டும். மூன்று நான்கு மாதக் குட்டிகள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. ஒன்று பழகியது, ஒன்று பழகவில்லை. இப்போது அந்த வயதுக்கு இரண்டு வாரம் கெடு வைத்துப் பார்க்கிறேன்.

கட்டடம் இடிபடும்போது வேறிடத்துக்கு மாற்றுவது என்று மூன்றாவது வழியும் உண்டு. புது இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் அடைத்து வைத்துத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும். நான் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். பூனை தங்கியது. ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போன வாரம் மாடிப்படிக்குக் கீழே காது வெட்டாத புதுப் பெட்டை ஒன்று வந்திருக்கிறது. கூண்டின் கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே தீனி வைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று பின்னங்காலை வெளியே வைத்துக்கொண்டே சாப்பிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாளில் முழுதாக உள்ளே போய்விடும்.